பெஞ்சமின் பிராங்க்ளின் கண்ட காரீய விஷம்

இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூடத் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர். இடி விழுந்து வீடுகள் எரிந்துபோகாமல் இருக்க, கூரைமேல் ஓர் இரும்புக் கம்பியை நட்டு வழி சொன்னவர்.

இடி என்பது சத்தம் போட்டுக்கொண்டு வரும் ஆபத்து. சத்தமே இல்லாமல், குடிக்கிற தண்ணீரில் கலந்து வீட்டுக்குள் வருகிற இன்னோர் ஆபத்தைப் பற்றியும் அதே பிராங்க்ளின் எச்சரித்தார். இது பலருக்குத் தெரியாது. அந்த ஆபத்தின் பெயர் காரீயம்.

ஆரணிப் பட்டுக்குப் பெயர்பெற்ற வட்டாரத்தில், வெம்பாக்கம் போன்ற ஊர்களில், தாத்தா காலத்து வீடுகளில் குடியிருப்போர் அநேகர். வீடு பழையது, குழாயும் பழையதாக இருக்கலாம். தறியில் உட்காருகிறவருக்குக் கைதான் சொத்து. பிள்ளைகளின் படிப்புத்தான் நாளைய நம்பிக்கை. காரீயமோ கையையும் கெடுக்கும். பிள்ளைகளின் அறிவையும் கெடுக்கும். ஆகவே இந்தப் பெரியவரின் வாழ்க்கை நமக்கும் வேண்டியதுதான்.

ஈயம் ஒன்றல்ல, இரண்டு

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஈயம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வரும். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசும் ஈயமும் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். சுத்தமான வெள்ளீயத்தால் பயமில்லை.

காரீயம் வேறு. அது கருநிறம் கலந்த கனமான உலோகம். கத்தியால் வெட்டலாம், சுலபத்தில் உருகும், நினைத்த உருவத்துக்கு வளையும். இந்தச் சௌகரியங்களால்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பழைய ரோமாபுரியில் தண்ணீர்க் குழாய்களையே காரீயத்தால் செய்தார்கள். அந்தக் குழாய்த் தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்று விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். எழுதியதோடு சரி. கேட்டவர்கள் குறைவு.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளை

1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிராங்க்ளின் பிறந்தார். தகப்பனார் கொழுப்பை உருக்கி மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர். அவருக்கு இரண்டு மனைவிகள் மூலம் பிறந்த குழந்தைகள் 17 பேர். அவர்களில் 15-வது குழந்தை பெஞ்சமின்.

அத்தனை வாய்க்குச் சோறு போடவேண்டிய வீட்டில் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு எங்கே போவது? இரண்டே வருஷம் படித்தார். பத்து வயதில் தகப்பனாரின் கடையில் திரிவெட்ட உட்கார்ந்தார். பன்னிரண்டாவது வயதில் அண்ணன் ஜேம்ஸ் நடத்திய அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். பகலெல்லாம் வேலை. இரவில் இரவல் புத்தகம். எழுத்தைக் கோத்துக் கோத்தே எழுதவும் கற்றுக்கொண்டார்.

அவர் பாஸ்டனில் வளர்ந்து வந்த காலத்தில் ஊரில் ஒரு பேச்சு அடிபட்டது. அந்தப் பகுதியில் காய்ச்சிய ரம் என்ற சாராயத்தைக் குடித்த வட கரோலினாக்காரர்கள், தங்களுக்குப் பொறுக்கமுடியாத வயிற்றுவலி வருகிறது, கைகால் விழுந்துபோகிறது என்று புகார் செய்தார்கள். வைத்தியர்கள் போய் விசாரித்தார்கள். சாராயம் வடிக்கும் பானையின் மூடியும், ஆவி குளிர்ந்து இறங்கும் சுருள் குழாயும் காரீயத்தால் செய்யப்பட்டிருந்தன. அதுதான் காரணம் என்று தீர்மானித்தார்கள். சாராயம் வடிப்பதற்குக் காரீயச் சாமான்களை உபயோகிக்கக் கூடாது என்று 1723-ல் மாசசூசெட்ஸ் சட்டசபை சட்டம் செய்தது. பையனின் மனசில் அது பதிந்துவிட்டது.

அதே 1723-ல் அண்ணனோடு மனஸ்தாபம். பதினேழு வயதுப் பிள்ளை வீட்டைவிட்டு ஓடிப் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தான். கையில் சில்லறைக் காசு. அங்கே அச்சுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அந்த மாகாணத்துக் கவர்னர், சொந்த அச்சுக்கூடம் வைக்க உதவுவதாக ஆசைகாட்டி லண்டனுக்குப் போகச் சொன்னார். கப்பலேறிப் போய்ப் பார்த்தால் கவர்னர் தருவதாகச் சொன்ன சிபாரிசுக் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. முன்பின் தெரியாத ஊரில், மறுபடியும் கூலிக்கு எழுத்துக் கோக்க உட்கார்ந்தார்.

லண்டனில் கிடைத்த பாடம்

அக்காலத்து அச்செழுத்துகள் காரீயத்தோடு வேறு உலோகங்களும் சேர்த்து வார்க்கப்பட்டவை. நம் ஊர் அச்சுக்கூடங்களிலும் கம்ப்யூட்டர் வரும்வரையில் அப்படிப்பட்ட எழுத்துகளே இருந்தன. அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைக் கழுவுவார்கள். லண்டன் குளிரில் ஈர எழுத்து சீக்கிரம் காயாது. எனவே எழுத்துப் பெட்டியை நெருப்புக்கு முன்னால் சாய்த்து வைத்துக் காயவைப்பது வழக்கம். குளிரில் விறைத்த விரல்களுக்குச் சூடான எழுத்து இதமாக இருக்கும். பிராங்க்ளினும் அப்படியே செய்தார்.

அங்கிருந்த ஒரு வயதான தொழிலாளி அதைப் பார்த்தார். எழுத்தைச் சுடவைத்துக் கோக்காதே, கை போய்விடும் என்று புத்தி சொன்னார். அப்படிச் செய்து கை விளங்காமல் போன இரண்டு பேரின் கதையையும் சொன்னார். நல்ல கூலி வாங்கிய கெட்டிக்காரர்கள் அற்பக் கூலிக்கு வந்துவிட்டார்கள். காரீயம் உடம்பில் ஏறினால் நரம்பு தளரும். மணிக்கட்டு தொங்கிவிடும். நீட்டிய கை நிமிராது. எழுத்துக் கோப்பவனுக்கும் சரி, இழை பிடிப்பவனுக்கும் சரி, அப்புறம் பிழைப்பு ஏது?

பிராங்க்ளினுக்கு அப்போதே கை எலும்புகளில் ஏதோ ஒரு மந்தமான வலி இருந்து வந்தது. பெரியவரின் பேச்சைக் கேட்டதும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்.

எழுத்து வார்க்கும் தொழிலில் இருந்த இன்னொருவர் வேறொரு விஷயத்தைச் சொன்னார். புகையால் அவ்வளவு ஆபத்து இல்லை; வேலை செய்த கையைக் கழுவாமல் சாப்பிட உட்காருகிறவர்கள் சோற்றோடு காரீயத் துகளையும் விழுங்குகிறார்கள் என்பது அவர் கருத்து. காரீயம் மூக்கு வழியாக மட்டுமல்ல, வாய் வழியாகவும் உடம்புக்குள் போகும் என்பதைப் பிராங்க்ளின் மனத்தில் குறித்துக்கொண்டார்.

லண்டனில் அவருக்கு ஒரு பட்டப் பெயரும் கிடைத்தது. கூட வேலை பார்த்தவர்கள் காலை முதல் இரவு வரை பீர் குடிப்பார்கள். பலத்துக்கு அது வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பிராங்க்ளின் குடித்தது வெறும் தண்ணீர். தண்ணீர் அமெரிக்கன் என்று அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் மற்றவர்கள் இரண்டு கையாலும் ஒரு எழுத்துச் சட்டத்தைத் தூக்கி மாடிப்படி ஏறும்போது, தண்ணீர் அமெரிக்கன் ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு சட்டங்களைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஊருக்கு உழைத்தவர்

1726-ல் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். சொந்த அச்சுக்கூடம் வைத்தார். பத்திரிகை நடத்தினார். வருஷத்துக்கு ஒரு பஞ்சாங்கம் வெளியிட்டார். விவசாயிகளும் கைத்தொழிலாளரும் அதை விரும்பி வாங்கினார்கள். சம்பாதித்ததைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1731-ல் நண்பர்களோடு சேர்ந்து பணம் போட்டுப் புத்தகசாலை ஏற்படுத்தினார். 1736-ல் தீயணைக்கும் சங்கம் அமைத்தார். 1751-ல் ஏழை நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரி ஏற்பட முன்னின்றார்.

அந்த நாளில் பிலடெல்பியாவின் நடுவே டாக் கிரீக் என்று ஓர் ஓடை ஓடியது. அதன் கரையில் தோல் பதனிடும் கிடங்குகள். கழிவு முழுவதும் ஓடையில் விழுந்தது. நாற்றம் தாங்கவில்லை. 1739-ல் பிராங்க்ளினும் அக்கம்பக்கத்தாரும் அந்தக் கிடங்குகளை ஊருக்கு வெளியே மாற்றவேண்டும் என்று சட்டசபைக்கு மனுப் போட்டார்கள். தோல் முதலாளிகள், எங்கள் தொழிலில் கைவைக்க உரிமையில்லை என்றார்கள். பொதுஜனங்களுக்குச் சுத்தமான காற்றும் நீரும் கிடைக்கும் உரிமை அதைவிடப் பெரியது என்று பிராங்க்ளின் தம் பத்திரிகையில் வாதாடினார். ஆனாலும் கிடங்குகள் இடம் மாறவில்லை. ஓடை கெட்டுக் குட்டிச்சுவராகி, கடைசியில் அதன்மேல் மூடித் தெருப் போட்டார்கள்.

இது எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிட முடியுமா? நம் பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஊர்களில் தோல் கழிவால் நிலமும் கிணறும் கெட்டதைக் கண்டவர்கள் நாம். வேலூர்ப் பொதுமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று. பிராங்க்ளின் மனுப் போட்டு 257 வருஷங்கள் கழித்து!

ஆறாத புண்

ஊருக்கெல்லாம் நல்லது சொன்ன பிராங்க்ளினின் சொந்த வீட்டில் ஒரு துக்கம் நடந்தது. அந்தக் காலத்தில் பெரியம்மை வராமல் தடுக்க அம்மை குத்திக்கொள்ளும் முறை பரவி வந்தது. அது நல்லது என்று பத்திரிகையில் எழுதி வந்தவர் பிராங்க்ளின். ஆனால் தம் சின்ன மகன் பிரான்சிஸுக்கு அதைக் குத்தவில்லை. பிள்ளைக்கு வேறு உடல்நலக் குறைவு இருந்ததால் தள்ளிப்போட்டார். 1736-ல் பெரியம்மை வந்து அந்த நான்கு வயதுக் குழந்தையைக் கொண்டுபோய்விட்டது.

அந்தப் புண் அவருக்கு ஆறவே இல்லை. முதுமையில் தம் வாழ்க்கையை எழுதியபோதும் அதைச் சொல்லி வருந்தினார். மற்றப் பெற்றோர்கள் தம்மைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே அதை எழுதினார். நல்லது இன்னது என்று தெரிந்திருப்பது வேறு. அதைக் காலத்தில் செய்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை பெரிய பள்ளம் என்பதை அவர் தம் பிள்ளையைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டார்.

பாரிஸ் ஆஸ்பத்திரியில் துப்பு

1752-ல் பட்டத்தைக் கொண்டு மின்னலை ஆராய்ந்த பிறகு அவர் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவிற்று. எங்கே போனாலும் ராஜமரியாதை. ஆனால் பழைய அச்சுத் தொழிலாளி, காரீயத்தை மறக்கவில்லை. ரம் குடிப்போருக்கு வரும் வயிற்றுவலியைப் பற்றி டாக்டர் தாமஸ் காட்வாலடர் எழுதிய புத்தகத்தை 1745-லேயே அவர் அச்சிட்டிருந்தார். 1767-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் பேக்கர் என்ற வைத்தியர், டேவன்ஷயர் பகுதியில் ஆப்பிள் மதுக் குடிப்பவர்களுக்கு வரும் வயிற்றுவலிக்குக் காரணம், அந்தப் பழச்சாற்றில் கலந்த காரீயமே என்று நிரூபித்தார்.

அதே 1767-ல் பிராங்க்ளின் தம் நண்பரான டாக்டர் ஜான் பிரிங்கிளுடன் பாரிஸ் போனார். அங்கே ஷாரித்தே என்ற ஆஸ்பத்திரி இந்த வயிற்றுவலியைக் குணப்படுத்துவதில் பெயர்பெற்றது. அங்கே சிகிச்சை பெற்றவர்களின் பெயரும் தொழிலும் அடங்கிய ஜாபிதா ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏறக்குறைய எல்லோரும் ஏதாவது ஒரு வகையில் காரீயத்தோடு புழங்குகிறவர்கள்.

ஆனால் இரண்டு வகையினர் மட்டும் இடித்தது. ஒன்று கல்தச்சர்கள்; மற்றொன்று சிப்பாய்கள். கல்லுக்கும் காரீயத்துக்கும் என்ன சம்பந்தம்? துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு ஏன் இந்த வியாதி? பிராங்க்ளின் விடவில்லை. ஆஸ்பத்திரி வைத்தியரைக் கேட்டார். விடை கிடைத்தது. கல்தச்சர்கள் படிக்கட்டுக் கைப்பிடியின் இரும்புக் கம்பிகளைக் கல்லில் பொருத்தும்போது காரீயத்தை உருக்கி ஊற்றுகிறவர்கள். சிப்பாய்களோ ஓய்வு நேரத்தில் வர்ணக்காரர்களிடம் கூலிக்குப் போய்க் காரீயம் சேர்ந்த வர்ணத்தை அரைத்தவர்கள்! திருடனைப் பிடிக்கும் போலீஸ் அதிகாரியின் சாமர்த்தியம் அவரிடம் இருந்தது.

மழைநீரில் வந்த விஷம்

பிறகு அமெரிக்க விடுதலைப் போராட்டம் வந்தது. 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். பிரான்சுக்குத் தூதராகப் போய்த் தம் நாட்டுக்கு உதவி தேடித் தந்தார். 1785-ல் ஊர் திரும்பினார். ஒரு காலத்தில் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர், கடைசிக் காலத்தில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார்.

1786-ஆம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி, எண்பது வயதில், பெஞ்சமின் வாகன் என்ற நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். காரீயத்தைப் பற்றித் தாம் வாழ்நாள் முழுவதும் சேகரித்த விஷயங்களை எல்லாம் அதில் சொன்னார். பாஸ்டன் சாராயம், லண்டன் அச்சுக்கூடம், பாரிஸ் ஆஸ்பத்திரி எல்லாம் அதில் உண்டு. நமக்கு முக்கியமானது, தண்ணீரைப் பற்றி அவர் சொன்ன ஒரு குடும்பத்தின் கதை.

ஐரோப்பாவில் மேட்டு நிலத்தில் ஒரு பெரிய வீடு. அங்கே கிணறு இல்லை. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்து வந்தார்கள். கூரையோ காரீயத் தகடு வேய்ந்தது. பல வருஷங்கள் அந்த நீரைக் குடித்தும் ஒன்றும் நேரவில்லை. திடீரென்று ஒரு வருஷம் குடும்பத்தார் அத்தனை பேருக்கும் வயிற்றுவலி வந்தது. என்ன மாறியது? கூரை மாறவில்லை. தொட்டி மாறவில்லை. வீட்டுப் பக்கத்தில் நட்டிருந்த மரங்கள் மட்டும் கூரைக்குமேல் வளர்ந்து இலைகளை உதிர்க்கத் தொடங்கியிருந்தன. உதிர்ந்த இலைகளின் புளிப்பு, காரீயத்தை அரித்துத் தண்ணீரில் இறக்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள்.

இந்தச் சூட்சுமம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. பித்தளைக் குடத்தைப் புளிபோட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதே, ஏன்? புளிப்பு, உலோகத்தின் மேல்படிவைக் கரைத்து எடுத்துவிடுகிறது. குழாய்த் தண்ணீரும் அப்படித்தான். ஒரே குழாய் ஒரு தண்ணீருக்குச் சாதுவாக இருக்கும். இன்னொரு தண்ணீருக்கு விஷத்தைக் கக்கும். நேற்றுவரை ஒன்றும் நேரவில்லை என்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது.

அமெரிக்காவில் பிளிண்ட் என்ற ஊரில் 2014-ல் இதுவே நடந்தது. செலவைக் குறைக்க, ஊருக்கு வரும் தண்ணீரை வேறொரு ஆற்றிலிருந்து எடுத்தார்கள். குழாயை அரிக்காமல் தடுக்கும் மருந்தை அதில் சேர்க்கவில்லை. பூமிக்குள் பல காலமாகச் சும்மா கிடந்த பழைய காரீயக் குழாய்கள் கரையத் தொடங்கின. சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் உள்ள ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. 2015 அக்டோபரில் பழைய தண்ணீருக்கே திரும்பினார்கள். பிராங்க்ளினின் கடிதத்தில் உதிர்ந்த இலை செய்த வேலையைப் பிளிண்டில் ஆற்று நீர் செய்தது.

உண்மை தெரிந்து நெடுங்காலம் ஆகியும் உலகம் அதை ஏற்று நடக்க எவ்வளவு தாமதிக்கிறது என்ற வருத்தத்தோடு பிராங்க்ளின் அந்தக் கடிதத்தை முடித்தார். காரீயத்தின் கெடுதலை லண்டன் தொழிலாளி அவருக்குச் சொல்லி அப்போது அறுபது வருஷங்கள் ஆகியிருந்தன. அவருக்குப் பிறகு அவருடைய நாடே என்ன செய்தது? நகரம் நகரமாக வீட்டு இணைப்புகளுக்குக் காரீயக் குழாய்களைப் பதித்தது! புதிய குடிநீர்க் குழாய் வேலைகளில் காரீயக் குழாய் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1986-ல்தான். கடிதம் எழுதிச் சரியாக 200 வருஷங்கள்.

உயிலில் தண்ணீர்

1790-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, 84-வது வயதில் பிராங்க்ளின் காலமானார். இறுதி ஊர்வலத்துக்குச் சுமார் 20,000 பேர் திரண்டார்கள். முந்திய வருஷம் தம் உயிலில் அவர் ஒரு பகுதியைச் சேர்த்திருந்தார். பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் ஆயிரம் பவுன். இளம் கைத்தொழிலாளருக்கு அதைக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெருக்க வேண்டும். நூறு வருஷம் கழித்து, பிலடெல்பியாவில் சேர்ந்த தொகையின் ஒரு பெரும்பகுதியைக் கொண்டு விசாஹிக்கான் என்ற ஓடையிலிருந்து குழாய் மூலம் ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னார்.

அதற்கு அவர் கூறிய காரணம் இன்று எழுதியதுபோல் இருக்கிறது. வீடுகளும் கல் பாவிய தெருக்களும் தரையை மூடிவிடுவதால் மழைநீர் மண்ணில் இறங்குவதில்லை, ஊற்றுகள் புதுப்பிக்கப்படுவதில்லை, ஆகவே பழைய நகரங்களில் கிணற்று நீர் நாளடைவில் கெட்டுப்போகிறது என்றார். எல்லாக் கட்டடங்களிலும் மழைநீரைச் சேகரித்து மண்ணில் இறக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்ததை நினைத்துப் பாருங்கள். பிலடெல்பியாக்காரர்கள் நூறு வருஷம் காத்திருக்கவில்லை. 1801-லேயே நீராவி எந்திரத்தின் உதவியால் ஆற்று நீரை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த முதல் குழாய்கள் துளைத்த மரக்கட்டைகள்!

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

இனி நம் வீட்டுக் குழாய்க்கு வருவோம். பிராங்க்ளினுக்குத் தெரியாத சில விஷயங்கள் இன்று நமக்குத் தெரியும். பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடம்பு, விழுங்கிய காரீயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக ஏற்றுக்கொள்ளக்கூடும். அது மூளை வளர்ச்சியைத் தாக்கும். படிப்பில் மந்தம், கவனமின்மை, ரத்தசோகை உண்டாகும். எலும்பில் தங்கிவிடும் காரீயம், தாய் கர்ப்பமுற்றிருக்கும்போது வயிற்றுக் குழந்தைக்கும் போய்ச் சேரும். இவ்வளவு இருந்தால் கெடுதல் இல்லை என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டர் நீரில் காரீயம் 0.01 மில்லிகிராமுக்குமேல் இருக்கக் கூடாது.

இது எங்கிருந்து வரும்? பழைய காலத்தில் இரும்புக் குழாய்களின் மூட்டுகளைக் காரீயம் உருக்கி ஊற்றி அடைப்பது நம் நாட்டிலும் வழக்கம். பித்தளைக் குழாய்த் திருகுகளில் கொஞ்சம் காரீயம் கலந்திருக்கும். பற்றவைத்த இடங்களிலும் இருக்கும். பிளாஸ்டிக் குழாய் என்றால் பயமில்லை என்று நினைக்கக் கூடாது. பி.வி.சி. குழாய் வெயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கவேண்டும் என்று காரீய உப்பைச் சேர்த்துச் செய்வது இங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதை நிறுத்துவதற்கு மத்திய சர்க்கார் 2021-ல் விதிகள் கொண்டுவந்தது. அதற்கு முன் பதித்த குழாய்கள் எத்தனையோ வீடுகளில் இன்னும் இருக்கின்றன.

இதற்காகக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட வேண்டியதில்லை. சில எளிய பழக்கங்கள் போதும்.

இரவெல்லாம் குழாய்க்குள் தேங்கி நின்ற நீரில்தான் காரீயம் அதிகம் இறங்கும். காலையில் திறந்ததும் வரும் முதல் குடத்தைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். வீணாக்கவும் வேண்டாம். வாசல் தெளிக்கவும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் நீரைக் குடிக்கப் பிடியுங்கள்.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும்; காரீயம் சாகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும். ஆகவே கிருமிக்காகக் காய்ச்சுவதை விடாதீர்கள். ஆனால் காய்ச்சியதால் காரீயமும் போயிற்று என்று நம்பாதீர்கள். சுடுநீர் காரீயத்தை அதிகம் கரைக்கும். வெந்நீர்க் குழாயில் வரும் நீரைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

மழைநீரைக் குடிக்கப் பிடிப்பவர்கள் கூரையில் உதிர்ந்த இலைகளை அகற்றிச் சுத்தம் செய்து, முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும்.

பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டுப் பூசுங்கள். மலிவுக்காகக் காரீயம் கலந்தால் புளிக்கரைசலில் அது இறங்கிவிடும்.

பாட்டரி, வர்ணம், பற்றவைப்பு ஆகிய வேலைக்குப் போகிறவர்கள் கையை நன்றாகக் கழுவி, உடையை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கவும், சாப்பிடவும் வேண்டும். பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

கேழ்வரகு, கீரை, பால் இவற்றைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும்.

சந்தேகம் இருந்தால் பரிசோதனை செய்துவிடலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. அங்கே போய், காரீயத்துக்கும் பார்க்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். நிறத்தாலோ ருசியாலோ வாசனையாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவருடைய உடம்பில் காரீயம் ஏறியிருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய குழாய்களையும் திருகுகளையும் மாற்றிவிடுங்கள். கடையில் காரீயம் சேராத குழாய் என்று கேட்டு, முத்திரை பார்த்து வாங்குங்கள்.

இடிதாங்கியை உலகம் எடுத்துக்கொண்டது. இடி கண்ணுக்குத் தெரிந்தது. காரீயத்தைப் பற்றிய எச்சரிக்கையை 200 வருஷம் கிடப்பில் போட்டது. அது கண்ணுக்குத் தெரியவில்லை. லண்டனில் ஓர் ஏழைத் தொழிலாளி சொன்ன நல்ல வார்த்தையை அந்த இளவயதுப் பையன் அன்றே கேட்டு நடந்தான். அவனுடைய கைகள் பிழைத்தன. அந்தக் கைகள் பிற்காலத்தில் ஒரு தேசத்தின் சுதந்திரப் பத்திரத்தில் கையெழுத்திட்டன.

நாளைக் காலை குழாயைத் திறக்கும்போது முதல் குடத்தை ஒதுக்கி வையுங்கள். காசு செலவில்லாத காரியம் அது. தறியில் ஓடும் கைகளுக்கும், பலகையில் எழுதும் சின்னக் கைகளுக்கும் அது காவல்.